மூடியைத் திறக்கும் முன்

1974 மே 4

இன்று வண்டிக்குச் சர்வீஸ். ஷெட்டுக்கு முன்னால் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். பழைய என்ஜின் ஆயிலைச் சூட்டோடு இறக்கினேன். தார் மாதிரி வந்தது. அடியில் படுத்து மூட்டுமூட்டாகக் கிரீஸ் அடித்து முடிப்பதற்குள் முதுகெல்லாம் ஈரம். பெட்ரோல் வந்து வடியும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். ஷெட்டில் இருக்கும் பெட்ரோல் பீப்பாயில்தான் இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பனியில் எதில்தான் தண்ணீர் இறங்காது.

பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப். பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, புனல் வைத்து ஊற்ற வேண்டும். அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. பாட்டரியும் சாகப் போகிறது. புதிது கேட்டால், பெட்ரோல் விற்கிற விலைக்கு இப்போது அதெல்லாம் முடியாது என்கிறார் தேயிலை எஸ்டேட் துரை.

காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

மே 9

கமலாத்தாளின் கடிதம். எங்கள் ஊர் எலப்புள்ளியில் ஒரு மழை பெய்ததாம். நடவு முடியாமல் வயலை விட்டு வர முடியாதாம். போன வருஷமும் இதையேதான் எழுதியிருந்தாள். என் மனைவிக்கு இந்த மலை பிடிக்கவில்லை. அதை அவள் எழுதுவதில்லை, நானும் கேட்பதில்லை.

மே 19

இங்கே எல்லோரும் தெற்கத்திக்காரர்கள். தேனி, போடி, திருநெல்வேலிப் பக்கம். வீட்டை நான் ‘ஊடு’ என்றால் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தேன். போகப்போகப் பேச்சே குறைந்துவிட்டது.

இன்று அமிர்தநாதன் ஷெட்டுக்கு வந்தார். எனக்கு முன்னால் இந்த எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். இப்போது பேக்டரி வாசலில் காவல். இரண்டும் முழங்கை வரை வெந்து சுருங்கிப்போன கைகள். அவருடைய வேலையும் அவருடைய குடியிருப்பும் என்னிடம் இருக்கின்றன. அதனால் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இன்று தப்ப முடியவில்லை. நான் பெட்ரோல் ஊற்றி முடிக்கும்வரை தள்ளி நின்று பார்த்தார்.

“ஆறவிட்டு ஊத்துதீரு. நல்லது.”

பிறகு அவராகவே சொன்னார். “எனக்கு அன்னைக்கு அவசரம் வே. ஓடிக்கிட்டிருந்த வண்டியில ஊத்தினேன். சிந்தி சைலன்சர்ல விழுந்து தீப்பிடிச்சுட்டு. பின்னால உக்காந்திருந்த மேஸ்திரி எறங்கதுக்குள்ள முடிஞ்சு போச்சு. என்ன அவசரம்னு கேட்டா, இப்ப ஞாபகம்கூட இல்ல.”

போய்விட்டார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 11

மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிவு. வண்டி இல்லை, வேலை இல்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். நேற்றும் அதைத்தான் செய்தேன்.

ஜூன் 24

நேற்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் துரை தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு கிளப்புக்குப் போயிருந்தார். பொழுது சாயத் திரும்பி வந்து அவர் இறங்குவதற்குள் மேல் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. கொழுந்து எடுக்கும் சுருளியம்மாளுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியால் முடியவில்லை, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். “எடுத்துக்கொண்டு போ” என்றார் துரை.

டாங்கியில் அதிகம் இருக்காது என்று எனக்குத் தெரியும். பின்னால் கட்டியிருந்த டின் நிறையப் பெட்ரோல் இருந்தது. ஷெட்டிலேயே ஊற்றியிருக்கலாமே என்று இன்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்றம் ஏறி வந்து வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஆறும்வரை அங்கே நிற்க மனம் வரவில்லை. லயத்தில் அவளை ஏற்றுகிற நேரத்தில் ஆறிவிடும், அங்கே ஊற்றலாம் என்று நினைத்தேன். அங்கே போனால் லயமே வாசலில் நிற்கிறது. கைக்குக் கை அரிக்கேன் விளக்கு. ஆம்பளைகள் வாயில் பீடி. அதற்கு நடுவில் எப்படி மூடியைத் திறப்பது? ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பூப்பாறை தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது. சாரல், மூடுபனி. கொஞ்சம் சமதளமான ஒரு வளைவு பார்த்து நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொன்னேன். சுருளியம்மாளையும் இறக்க வேண்டும்.

அவள் புருஷன் கருப்புசாமி, “அண்ணே, அவ உள்ளயே கெடக்கட்டும்ணே. நீங்க பாட்டுக்கு ஊத்துங்க” என்றான்.

“டாங்கி உள்ளதானுங்க இருக்குது. எறக்குங்க.”

“மழ பெய்யுதுண்ணே.”

“எறக்காம நான் மூடியத் தொறக்க மாட்டனுங்க.”

தார்ப்பாயை ரோட்டோரம் விரித்து அவளைக் கிடத்தினார்கள். மருத்துவச்சி கம்பளியை மேலே பிடித்துக்கொண்டாள். கருப்புசாமி எனக்கு வெளிச்சம் காட்டுவதற்காக விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைத் தூரத்தில் இருந்த பாலத்தருகே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கொண்டுபோனான்.

மழைத்துளி சைலன்சரில் விழுந்து சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் இரும்பு ஆறியதாக அர்த்தம், நிற்கட்டும் என்று நின்றேன். கருப்புசாமி திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்தான். “எம்பொஞ்சாதி சாகட்டும்னு நிக்கிறியா?” நான் சைலன்சர் பக்கம் காது கொடுத்தேன். சத்தம் நின்றது. ஊற்றினேன். வெளிச்சம் கிடையாது, டாங்கி நிறைகிற ஓசையை வைத்துத்தான் ஊற்றினேன். மூடியை இறுக்கி, கொஞ்சம் சிந்தியிருந்ததைத் துணியால் துடைத்துத் துணியைத் தூர எறிந்தேன். வாடை போகும்வரை இன்னும் கொஞ்சம் நின்றேன். பாட்டரி எடுக்கவில்லை. முன்னால் கிராங்க் ராடு கொடுத்துத் தோள் இற்றுப்போகச் சுற்றினேன். கிளம்பியது.

போடி போய்ச் சேர்ந்தோம். தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை செத்தே பிறந்தது. ஆண்.

வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது என்றார் நர்ஸ். எப்போது என்று கருப்புசாமி கேட்டான். அதைச் சொல்ல முடியாது என்றார்.

கருப்புசாமி என்னிடம் சத்தம் போடவில்லை. “ஈரத் தரையில போட்டுட்டியேண்ணே” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஜூன் 26

கருப்புசாமியின் அம்மா லயத்து வாசலில் நின்று நான் போகும்போது சொன்னாள். “பிள்ளையப் பெத்தவனா இருந்தா அந்தக் கொடுமையப் பண்ணியிருப்பானா.”

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொன்னதில்லையே. இல்லை, ஒருமுறை நான் பணம் கொடுத்துச் சாப்பிடும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்டார்கள், சொன்னேன்.

ஜூலை 2

கடைக்குப் போய் அரிசி வாங்கிச் சுமந்துகொண்டு நாலைந்து பெண்கள் மழையில் வந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். முன்பெல்லாம் கையைக் காட்டி ஏறிக்கொள்வார்கள்.

ஜூலை 6

எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வீட்டில் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள், மருமகள் வருகிறாளாம். நானே பொங்கினேன். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு. கூடிப்போச்சுன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணுமல்லோ.

ஜூலை 14

அமிர்தநாதன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை டீ போட்டேன். அந்தக் கைகளால் டம்ளரை இரு பக்கமும் அணைத்தாற்போல் பிடித்துக் குடித்தார். “நீரு செஞ்சது சரிதான்னு சொல்ல வரல வே. சும்மா வந்தேன்.”

மழை விடும்வரை இருந்தார்.

ஜூலை 15

அவளை உள்ளே வைத்துக்கொண்டே ஊற்றியிருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் கஷ்டம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நான் எதைத் தடுத்தேன் என்று யாருக்குக் காட்ட முடியும்? நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது? செத்த பிள்ளையை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த ஈரம்தான் காரணமோ? நர்ஸ் சொல்ல முடியாது என்றுதானே சொன்னார். இல்லை என்று சொல்லவில்லையே.

ஜூலை 28

கமலாத்தாளுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நலம்’ என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

சூரியநெல்லியிலிருந்து காலி வண்டியுடன் வந்துகொண்டிருந்தேன். மருந்துக் குப்பியோடு சுருளியம்மாள் தனியாக நடந்து வந்தாள். நிறுத்தக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவளே கையைக் காட்டினாள். பின்னால் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னாள். இரு பக்கமும் தேயிலைதான், ஆள் நடமாட்டம் இல்லை.

“அண்ணே, அன்னைக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே வயித்துக்குள்ள அசைவு நின்னுபோச்சு. ரெண்டு நாளா இல்ல. எனக்குத் தெரியும்.”

“யாருகிட்டயும் சொல்லலீங்களா?” என்றேன்.

“மொத பிள்ளையும் இப்படித்தான் போச்சு. இதுவும் எம்மேலன்னு ஆச்சுன்னா, எங்க அத்தை அவருக்கு வேற பொண்ணு பாத்துரும். அது போனப்பவே ஊருக்கு ஆள் விட்டுச்சு. இப்ப எல்லாருக்கும் ஒங்க மேலதான் கோவம். அதனால பேச்சு நின்னுருக்கு.” அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “ஒங்ககிட்ட மட்டுமாச்சும் சொல்லாம இருக்க முடியலண்ணே. ஒங்களுக்குச் சொல்லிக்கணும்னா சொல்லிக்கங்க.”

சொல்லிக்கங்க என்றால்? சொன்னால் அவள் எங்கே போவாள்?

லயத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடந்து போனாள்.

ஆகஸ்ட் 4

கோபம் வருகிறது. எல்லாப் பழியும் எந்தலையிலதான் விடியோணுமா? நான் யாருக்கென்ன பண்ணினேன்?

ஆகஸ்ட் 5

ஆனால் நான் கொல்லவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 18

பேக்டரி முன்னால் சாக்கு ஏற்றும்போது கருப்புசாமி மற்றவர்களிடம் சத்தமாகச் சொன்னான். “பாத்து ஏறுங்கப்பா. மழையில எறக்கி விட்டுருவாரு.” சிரித்தார்கள். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. குனிந்து டயரில் காற்று பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 2

அமிர்தநாதனுக்குக் காய்ச்சல். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 16

மாலை மூணாறு பஸ்ஸிலிருந்து கமலாத்தாள் இறங்கி நிற்கிறாள். கையில் ஒரு துணிப்பை. பொள்ளாச்சி, உடுமலை என்று மாறிமாறி வந்திருக்கிறாள். வழியெல்லாம் வாந்தியாம்.

“ரெண்டு மாசமா ஒரு கடுதாசி இல்லீங்க. கெடையில கெடக்கறீங்களோன்னு பயந்து வந்தனுங்க.”

வேலை அதிகம் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். துணிப்பையை என்னிடம் கொடுத்தாள்.

செப்டம்பர் 19

லயத்தில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். குழாயடியில் இருக்கும். “மழைல ஒரு மாசக்காரிய எறக்கிப் போட்டீங்களாமே, நெசமுங்களா?”

“நெசந்தான்.”

“அதுனாலதான் கொழந்த போச்சுன்னு சொல்றாங்களுங்க.”

“அப்பிடித்தான் சொல்றாங்க.”

இரவு திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்றைக்கு வரை அந்தப் பேச்சு வந்ததில்லை, பிள்ளைப் பேச்சு. இவளிடமாவது சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் குழாயடியில் எனக்காகச் சண்டைக்கு நிற்பாள். எனக்கு இவளைத் தெரியும். வேண்டாம்.

செப்டம்பர் 27

இன்னும் நாலு நாளில் போகிறேன் என்கிறாள். சரி என்றேன்.

அக்டோபர் 1

போகவில்லை. துணி துவைக்க ஓடைக்குப் போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். சுருளியம்மாளும் அங்கே இருந்தாளாம். சாப்பாடு போடும்போது தலையைத் தூக்காமல் பேசினாள்.

“அந்தப் புள்ள எல்லாஞ் சொல்லிருச்சுங்க. இத்தன நாளா எப்பிடிங்க வாயத் தொறக்காம இருந்தீங்க?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“என்றகிட்டக்கூடச் சொல்லோணும்னு தோணலீங்களா?”

“அது என்ற பேச்சு இல்லையே புள்ள. அவளுது.”

ரசம் ஊற்றினாள். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நானும் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க.” அப்புறம், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து, “இந்த ஊட்டுல அரைக்கறதுக்கு ஒரு கல்லு இல்லீங்களே. சந்தைக்குப் போனா ஒரு அம்மி வாங்கியாங்க.”

அக்டோபர் 6

பூப்பாறைச் சந்தையில் அம்மி வாங்கினேன். நல்ல கருங்கல். தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தபோது மறுபக்கத்தில் ஒரு கை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கருப்புசாமி. சுருளியம்மாள் அவனிடமும் சொல்லிவிட்டாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஏற்றியதும், கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தான். மேடு பள்ளத்தில் கல் உருளாமல் வழியெல்லாம் காலை அண்டக் கொடுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் இறக்கும்போதும் ஒரு பக்கம் பிடித்தான்.