ரமோனாவின் கரையில் நட்ட புல்

மார்ச் 14, செவ்வாய்

ஐம்பத்தொரு வயதில் பள்ளிக்கூடம். கரையோரம் புல் நடுவதற்கு ஒரு பயிற்சி, அதற்கு ஒரு சான்றிதழ்! இருபத்தாறு வருஷமாகக் கரைக்கு மரச்சுவர் அடித்துப் பிழைத்தவள் நான். இப்போது வர்ஜீனியாவில் சுவருக்கு அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. புல்லை நடு, முன்னால் கல்லைப் போடு என்கிறார்கள். வேறு வழி?

"என்னக்கா, பென்சில் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா?" என்று தம்பி கார்ல்டன் காலையிலிருந்து ஒரே கேலி. தொழிலில் பாதி அவனுடையது. இவன் போகவேண்டியதுதானே?

பாடம் எடுக்கிற டெசாவுக்கு முப்பதுகூட இருக்காது. அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடி மண்ணையும் பக்கத்து வீட்டுக் கரையையும் அரித்துக்கொண்டு போவதைப் படம் போட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் அடித்தேன். ஆனால் அதைப் பதினெட்டுப் பேரோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மார்ச் 22, புதன்

ஆளுக்கொரு கரையை எடுத்து, நட்டு, ஒரு வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான், வளைகுடாவில் போய்ச் சேரும் ஓடையோரத்தில் இருக்கிற ரமோனா வீட்டுக் கரையை எடுத்துக்கொண்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், தனி ஆள். சுவர் கேட்டு என்னிடம்தான் வந்திருந்தாள், அனுமதி கிடைக்கவில்லை. கரை விளிம்பிலிருந்து அவள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்கு இருபத்திரண்டு அடிதான். தொட்டி போனால் அந்த வீட்டில் குடியிருக்க விடமாட்டார்கள்.

"புல்லு போய்க் கடலைத் தடுக்குமா வெர்னா? என்னைப் பாத்தா பைத்தியம் மாதிரி இருக்கா?"

"தடுக்கும். என்னை நம்பு" என்றேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

மூன்று நாளாக வடமேற்குக் காற்று. காது அடைக்கிறது. ரமோனா கரையில் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்துக் குச்சி நட்டு, நடவுக்கு எல்லைக் கோடு போட்டாயிற்று.

"மட்டம் பாக்கிற கருவி வண்டியிலதான் இருக்கு. எடுத்தாரட்டா?" என்றான் கார்ல்டன்.

"எதுக்குடா? நான் பாக்காத தண்ணியா இது?"

உப்புப்புல்லை ரொம்பக் கீழே நட்டால் மூழ்கிச் செத்துவிடும், ரொம்ப மேலே நட்டால் காய்ந்துவிடும். டெசா இதைப் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். தண்ணீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று எனக்கே பாடமா?

டெசாவுக்குத் தரவேண்டிய படிவத்தில் 'உயரம் அளந்த விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'கருவியால்' என்று எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 27, வியாழன்

ஆயிரத்து நானூறு நாற்று. இடுப்பு கழன்றுவிட்டது. காட்டு வாத்து தின்னாமலிருக்க வலையும் கட்டினோம். ரமோனா காலைச் சவாரி முடித்து வந்து, முழங்கால் சேற்றில் நின்று எங்களோடு நட்டாள். பன்றி இறைச்சி வைத்த பிஸ்கெட் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். கார்ல்டன் ஐந்து தின்றான், வெட்கமில்லாதவன்.

ஜூன் 19, திங்கள்

மஞ்சள். கீழ் வரிசை பூராவும். பிடுங்கினால் வேர் கையோடு வருகிறது, கறுத்து, நாறிப்போய்.

ஜூன் 20, செவ்வாய்

கருவி வைத்து அளந்தேன். ஒன்பது அங்குலம் கீழே நட்டிருக்கிறேன்.

அந்தக் காற்று! மூன்று நாள் அடித்த காற்று ஓடைத் தண்ணீரை வளைகுடாவுக்குத் தள்ளிவைத்திருந்தது. அன்று இறங்கிக் கிடந்த தண்ணீரை அதன் நிஜமான மட்டம் என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவள்! படகோட்டத் தெரியாதவனுக்குக்கூட இது தெரியுமே. எனக்கு எங்கே போச்சு புத்தி?

"வாத்து தின்னுடுச்சுன்னு சொல்லிடுக்கா. வலையை ஒரு ஓரமா நான் தூக்கி விட்டுடறேன். யாரு கேக்கப் போறா?" என்கிறான் கார்ல்டன். யாரும் கேட்க மாட்டார்கள். இந்த ஊரில் எது செத்தாலும் பழி வாத்து மேல்தான்.

நாற்றங்காலில் கேட்டேன். அடுத்த வசந்தத்துக்குத்தான் இனி நாற்றாம். புயல் காலம் முழுக்க அவள் கரை மொட்டையாகக் கிடக்கப்போகிறது.

ஜூன் 23, வெள்ளி

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நேற்றும் இதையேதான் நினைத்தேன்.

ஜூன் 29, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "வாத்தா?" என்று அவளே கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும்.

"இல்ல ரமோனா. நான்தான். அளக்காம நட்டுட்டேன்."

"கருவி இல்லையா ஒங்கிட்ட?"

"வண்டியிலயே இருந்துச்சு."

"நம்புன்னு சொன்னியே" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

டெசாவுக்கும் எழுதிப் போட்டேன், படிவத்தில் எழுதிய பொய்யையும் சேர்த்து. இந்த வருஷம் சான்றிதழ் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. நியாயம்தான்.

ஜூலை 8, சனி

மண் சரியாமல் பிடித்து நிறுத்த, ரமோனா கரையில் தென்னைநார் உருளைகளைப் போட்டுக் கட்டினோம். புயலுக்கு முன்னால் இவ்வளவுதான் செய்ய முடிந்தது. கார்ல்டன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான், ஆனால் வந்தான். ரமோனா வெளியே வரவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

புயல். விடிந்ததும் ஓடினேன். உருளை பாதி அறுந்து கிடக்கிறது. ஒன்பது அடி மண் போய்விட்டது. தொட்டிக்கு இன்னும் பதின்மூன்றுதான். ரமோனா மழைச் சட்டையோடு விளிம்பில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்ச உருளையை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, வியாழன்

அடுத்த வருஷப் பயிற்சியை அந்தக் கரையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று டெசா ரமோனாவைக் கேட்டாளாம்.

"வரட்டும். ஆனா வெர்னா முன்னாடி நின்னு, நடந்ததை நடந்தபடி சொல்லணும்" என்றாளாம்.

மே 2, வியாழன்

இருபது பேர். பாதிப் பேர் என்னை மாதிரி சுவர் அடிப்பவர்கள். செத்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன் — காற்று, குச்சி, படிவம், எல்லாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு போச்சு?" என்று ஒருவன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் படியிலிருந்து ரமோனா, "ஒம்பது அடி!" என்றாள்.

"அப்புறமும் இவங்களையே கூப்பிட்டீங்களா?"

"எவ கூப்பிட்டா? குளிர்காலம் பூரா தானா வந்து அந்த உருளையைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா. போடின்னேன். போகல."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் இறங்கி வந்து, டெசா கையிலிருந்த ஆளுயர அளவுகோலை வாங்கிக்கொண்டு போய்ச் சேற்றில் நிறுத்திப் பிடித்தாள். நான் கருவியில் பார்த்து எண்ணைச் சொன்னேன்.

"மறுபடி பாரு" என்றாள். பார்த்தேன். அதே எண்தான்.

"இன்னொரு தடவை."

பார்த்தேன்.