பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் காரும் சுகம். அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசில் என் மேல் கொஞ்சம் கோபம் இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும். போன் இருக்கும்போது எதற்கு இப்படிக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவைக்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவர் கேட் வரைக்கும் போய் வாட்ச்மேனோடு நின்று ஊர்க்கதை பேசிவிட்டு வந்து நடந்தாயிற்று என்கிறார். உன் தங்கைக்கு வேலையில் இடமாற்றம் வந்துவிட்டது, அவள் சாமான் எல்லாம் உன் அறையில்தான் கிடக்கிறது, உன் கட்டில் மேல் அவளுடைய ஃபேனும் இரண்டு நாற்காலியும் படுத்திருக்கின்றன. மாடித் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் தவறாமல் சொல்கிறார். மற்றபடி ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யூடியூப் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். நீ போன வாரம் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்துவைத்த என் வீடியோக்கள் எல்லாம் திரும்ப வெளியே வந்துவிட்டன. இனி நீ அதில் கை வைக்க முடியாது. புதுப் பாஸ்வேர்டு என்ன என்று அப்பாவிடம் நைசாகக் கேட்டுப் பார்க்காதே, அவருக்கும் தெரியாது.

நீ எனக்குச் செய்த உதவியை நான் மறக்கவில்லை. நான் கார் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சின்ன வயது டீச்சர்களைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லி என்னை வேலையை விட்டு அனுப்பியபோது, நீயே செய்யும்மா, சொந்தமா செய் என்று தைரியம் சொன்னது நீதான். பழைய கார் வாங்கி, என் பக்கம் ஒரு பிரேக் மிதி வைத்து, நாற்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் கற்றுக்கொடுப்பேன் என்று நான் கிளம்பினேன். உன் பேரே ஒரு பிராண்டும்மா, அது எங்க தெரியணும்னு நாம முடிவு பண்ணணும் என்று சொல்லி மூன்று இடத்தில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாய். ஆபீசில் பெரிய பெரிய ஆட்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்கிற யோசனையை அம்மாவுக்குச் சும்மா சொன்னாய், அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் நடந்தது என்ன? லிங்க்டினுக்காகச் சித்தப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி அப்பா இழுத்துப் பிடித்தார். சாலைப் பாதுகாப்புப் பயிற்சி நிபுணர் என்று எழுதினாய். ஒரு டயர் கம்பெனி மேனேஜர் வாழ்த்துச் சொன்னார், முன்பின் தெரியாத ஒருவர் எனக்குத் தலைமைப் பண்பு இருப்பதாகச் சான்று கொடுத்தார், கிளட்ச் எது பிரேக் எது என்று கேட்டு ஒரு பெண்கூட வரவில்லை. இன்ஸ்டாகிராமில் என் காரை விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டேன். என் அக்கா மட்டும் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டாள், அவளுக்குக் கார் கதவையே சரியாகச் சாத்தத் தெரியாது. கார் வாசலில் சும்மா நின்ற அந்த மாதங்களில் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

யூடியூபில் வண்டி நகர்ந்தது, அதுவும் என் புத்திசாலித்தனத்தால் இல்லை. முதல் வீடியோ எடுக்கப் போனபோது, லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் வீட்டில் சொல்வேன் என்று என்னிடம் ரகசியமாகக் கற்றுக்கொள்ள வந்த மருந்துக்கடை அம்மா, என் மொகம் தெரிஞ்சா இப்பவே எறங்கிப் போயிடுவேன் என்று கதவைத் திறந்துவிட்டார். ஓடுகிற வண்டியில் இல்லை, பயப்படாதே. சரி, முகமே வேண்டாம் என்று போனை ஸ்டியரிங்குக்கு அடியில் கீழே பார்த்து மாட்டினேன். பாதம் மட்டும் தெரிந்தது. மூன்று மிதி, இரண்டு கால், என் குரல், அவ்வளவுதான். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது, பாதம் பொய் சொல்லாது. வாய், எனக்கு ஒண்ணும் பயமில்லை என்று சொல்லும், கால் கட்டைவிரல் சுருண்டு செருப்புக்குள் ஒளிந்துகொள்ளும். கிளட்ச்ச கரப்பான்பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்காதம்மா, அது உன்ன ஒண்ணும் பண்ணாது என்று நான் கத்தினதும் அதில் பதிவாகிவிட்டது. நீ சொல்லிக்கொடுத்தபடி எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லித்தான் போட்டேன், அந்த யோசனை நல்ல யோசனை.

அதற்குப் பிறகு வந்தார்கள். வந்தவர்கள் யாரும் ஃபாலோ பண்ணுவதில்லை, லைக் போடுவதில்லை, அதனால் உன் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. தன் பெயரில் ஒன்றை அமுக்கினால் பையன் பார்ப்பான், வீட்டுக்காரர் பார்ப்பார், வாட்ஸ்அப்பில் நாத்தனார் கேட்பாள். அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஒருத்தி இன்னொருத்திக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மூடிவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் போன் அடிக்கும், அந்தக் கால் வீடியோ டீச்சர் நீங்கதானா என்று கிசுகிசுவென்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை நம்பித்தான் என் வண்டி ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். என் டீம் ஹெட் பாத்துட்டு சிரிக்கிறாரும்மா, வெடிச்ச குதிகால், மண் அப்பின கார் மேட்டு, நீ வேற கத்துற, இதயெல்லாம் எடுத்துடு, நல்ல ஷூ போட்ட ஒரு பொண்ண வெச்சு நாங்களே புதுசா எடுத்துத் தரோம் என்றாய். நான் மாட்டேன் என்றேன். யோசிச்சு சொல்லு என்றாய். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ மறைத்துவிட்டாய். சாவி உன் கையில் இருந்தது என்பதற்காக என் கடைக்கு நீ பூட்டுப் போடலாமா? சிரித்தால் சிரிக்கட்டும் உன் டீம் ஹெட், அவர் என்ன என்னிடம் கிளட்ச் பழக வரப்போகிறாரா? நின்று வேலை செய்கிற பெண்ணின் குதிகால் வெடித்துத்தான் இருக்கும். பார்க்கிறவளுக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் இது நமக்கு ஆகும் என்று நம்பி வருகிறாள்.

வீடியோ காணாமல் போன விஷயம் எப்படியோ பழைய முதலாளி காதுக்கும் போய்விட்டது. கடைய கட்டிட்டீங்களாமே, வெயில்ல அலைஞ்சதெல்லாம் போதும், இங்க வந்து கவுன்ட்டர்ல உக்காந்து ரசீது போடுங்க என்று தேன் ஒழுகப் பேசினார். ரசீது போட வேறு ஆளைப் பாருங்கள் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு காரில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆள் பேசினதற்காக அழவில்லை. பெற்ற பிள்ளைக்கே நம் வேலை வெட்கமாக இருக்கிறதே என்றுதான் அழுகை வந்தது. அப்பா வந்து கண்ணாடியைத் தட்டி, உன் பையன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான் என்றார். நல்லதுக்குச் செய்கிறவன் கேட்டுவிட்டுச் செய்யட்டும் என்றேன். அவர் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் பெண்டாட்டி போன் பண்ணினாள். அத்தை, வீடியோவெல்லாம் எங்க போச்சு என்று முதல் பேச்சிலேயே கேட்டாள். உனக்கு எதுக்குடி அது என்றேன். சொன்னாள். நீ ஆபீஸ் கிளம்பின பிறகு அவள் டிரைவிங் கிளாஸ் போகிறாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மூன்று புத்தகத்தை மிதி மாதிரி வைத்துக்கொண்டு, என் வீடியோவைப் பார்த்துக் கால் பழகுகிறாள். கிளாஸ்ல மாஸ்டர் சொல்லித்தர்றதைவிட நீங்க திட்டுறதுதான் அத்தை மண்டையில ஏறுது என்றாள். அடுத்த வாரம் டெஸ்ட். ஆரம்பத்தில் உன்னிடம் கேட்டாளாம், உனக்கு எதுக்கு, எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடறேன்ல என்றாயாம். அன்பாகத்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அதற்குப் பிறகு உன்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ என் வீடியோவை மறைத்தபோது உன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தியின் பாடத்தை நிறுத்தியிருக்கிறாய்.

வீடியோவை மீட்டதும் அவள்தான். போனை வைக்காமல், அத்தை மேல மூணு கோடு தெரியுதா, அதைத் தொடுங்க, இல்ல அத்தை அது டார்ச் என்று பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். புதுப் பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும், எனக்கும் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க அத்தை, நான் சொல்ல வாயெடுத்தா அவரே முடிச்சுடுவார் என்றாள். பார்த்தாயா, நான் மட்டும் சொல்லவில்லை.

உன் தொழிலை நான் குறை சொல்லவில்லை. எந்தச் சரக்குக்கு எந்தச் சந்தை என்று உனக்குத்தான் தெரியும். ஆனால் என் சந்தைக்கு வருகிறவர்கள் உன் கண்ணில் படாமல் வருகிறார்கள், அவர்களை எனக்குத் தெரியும். லிங்க்டினில் கோட்டுப் படத்தை எடுத்துவிட்டேன், சித்தப்பாவும் கோட்டைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்ஸ்டாகிராமை அக்காவுக்காக விட்டுவைத்திருக்கிறேன். மேட்டைக் கழுவ மாட்டேன், கத்துவதை நிறுத்த மாட்டேன். யோசனை இருந்தால் சொல், கேட்பேன், பிடித்தால் செய்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தை வளைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்காதே. டெஸ்டுக்கு முன்னால் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவள் உன்னைக் கூப்பிடுவாள். போய் உட்கார். பெல்ட் போட்டுக்கொள், கையை மடியில் வைத்துக்கொள், பாத்து பாத்து என்று சொல்லாதே, உன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிக்காதே. ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட ஆயுசோடு, குறைவில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், கோபம் எல்லாம் அதற்குக் கீழேதான்.

ஒன்று மறந்துவிடாதே. சனிக்கிழமை ஒரு புது வீடியோ போடுகிறேன். நிறுத்திவைத்த கார்தான், எஞ்சின் ஓடவில்லை, மேட் உன் காருடையது, பாதம் உன் வீட்டுக்காரியுடையது. அவளே எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் சுருளவே இல்லை. அதையும் மறைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் என்னிடம் வராதே, பக்கத்து அறைக்குப் போய் அவளிடம் கேள்.

என்றும் உன் மேல் பாசம் மாறாத, சொன்ன பேச்சு கேட்காத
அம்மா