மூன்று கந்தோருக்கும் ஒரே திறப்பு

உமது நினைவுக் கல்வெட்டு நேற்றுத் தபாலில் வந்தது. முப்பத்தோராம் நாளுக்கென்று உம்மவர்கள் அச்சிட்ட அந்தப் புத்தகத்தில், யாரோ உம்மை "வன்னியில் கணினிப் பாதுகாப்புக்குக் காவலாக நின்றவர்" என்று எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"செத்த மனிசன்ர புத்தகத்தைப் பாத்தே சிரிக்கிறியள்?"

"ஓம். மனிசன் அப்பிடி."

அந்த நாளில் நீர் என் மேலதிகாரி. "நீங்கள்" என்றுதான் கதைத்தேன். இனி "நீர்" போதும்.

போர்நிறுத்தச் சமாதான காலம் அது. எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று மூன்று அலுவலகங்கள், எங்கள் பேச்சில் கந்தோர்கள். ஒவ்வொன்றிலும் மின்னஞ்சல் போய்வரும் கருவியில் ஒரு சான்றிதழும் அதற்குரிய இரகசியத் திறப்பும், அதாவது கணினிச் சாவியும், இருந்தன. சான்றிதழை ஊருக்கே காட்டலாம். திறப்பு வெளியே போகக்கூடாது. அது கிடைத்தவன் வழியில் போகும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிடுவான். நீரோ ஒரே திறப்பை மூன்றுக்கும் போட்டீர். "ஒவ்வொண்டுக்கும் புறிம்பாச் செய்ய எனக்கென்ன விசரே?" சான்றிதழ் காலாவதியாகித் திரையில் எச்சரிக்கை வந்தபோது, "ஓமெண்டு அமத்திப்போட்டு வேலையைப் பாருங்கோ" என்றீர்.

அந்தத் திறப்பு கிடந்த பென்டிரைவைத்தான், மகளின் கலியாணப் படங்களை அச்செடுக்க வவுனியா நெளுக்குளத்து இன்டர்நெட் கடையில் கொடுத்தீர். வவுனியாக் கந்தோரின் இணைப்பும் அந்தக் கடை வழியாகவே வந்தது. எல்லாத் திறப்புகளையும் உடனே மாற்றுவோம் என்று கெஞ்சினேன். "மேலிடத்துக்குத் தெரிஞ்சால் என்ர பேரெல்லே கெடும். ஆர் வந்து பாக்கப்போகினம்?"

பார்த்தவர்கள் இருந்தார்கள். முல்லைத்தீவுக்குத் திரும்பிய குடும்பங்களுக்குக் கட்டும் வீடுகளை எங்கள் வவுனியாக் கந்தோர்ப் பரீதா மேற்பார்வை செய்துவந்தார். கட்டட ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் கடல்மண்ணைக் கலந்து சுவர் எழுப்புகிறார் என்று, சாட்சி சொன்ன பெண்களின் பெயர்களோடு கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு மின்னஞ்சல் எழுதினார். சில நாட்களில் அந்தப் பெண்களின் வாசலில் போய் நின்று மிரட்டினார் கொந்தராத்துக்காரர். பரீதா எழுதிய வசனங்களையே ஒப்புவித்தாராம்.

விசாரணைக் கூட்டத்தில் எல்லாரும் பரீதாவையே பார்த்தார்கள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சேர். அல்லா அறிய."

நீர் கதிரையில் சாய்ந்தபடி சொன்னீர்: "பொம்பிளையளின்ர வாய்தானே."

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்ன நடந்திருக்கும் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். எழுந்து சொல்லப்போன என்னை, "நீர் இரும்" என்று அடக்கினீர்.

மறுநாள் காலை நெளுக்குளத்துக்குப் போனேன். கடைக் கணினியில் உமது மகளின் மாலை மாற்றும் படங்களுக்கு நடுவில் எங்கள் திறப்பும் கிடந்தது.

"உங்கட சேர்தான் முழுக்கக் கொப்பி பண்ணச் சொன்னவர், தம்பி," என்றார் கடைக்காரர். "உங்கட கந்தோருக்கு வாற லைன் வேலையெல்லாம் கொந்தராத்துக்காரற்ர மருமோன்தான் பாக்கிறவர்."

உம்மைக் கேட்காமல் கொழும்புக்கு எழுதினேன். பழைய சான்றிதழை இரத்துச் செய்தார்கள். நான் மூன்றையும் இணைக்கும் ஏ-ஒன்பது வீதியால் கந்தோர் கந்தோராகப் போய், ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதற்கென்று தனித் திறப்பை உண்டாக்கினேன். கொந்தராத்துக்காரரின் ஒப்பந்தமும் பறிபோனது. பரீதாவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

"அந்தாள் இன்னும் அங்கதான் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப நான் வரேல்லை. போயிட்டு வாங்கோ."

உமக்குக் கிடைத்த தண்டனை, கொழும்பில் இதைவிடப் பெரிய பதவி. போகும்போது பிரியாவிடை விருந்து வைத்து, எல்லாருக்கும் கைகொடுத்தீர். பரீதாவின் வீடு உமது வழியில்தான் இருந்தது. வாகனம் நிற்கவில்லை.

போன கிழமை பரீதாவுக்குத் தொலைபேசி எடுத்து, நீர் போய்விட்டதைச் சொன்னேன். எப்போது, எங்கே என்று விசாரித்தார். பிறகு கேட்டார்:

"கடைசியா எனக்கெண்டு ஒண்டும் சொல்லிவிடேல்லையோ?"

இத்தனை வருடமாக அவர் அதற்குக் காத்திருந்திருக்கிறார். "இல்லை" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. உம்முடையதென்று என்னிடம் அவருக்குக் கொடுக்க மிஞ்சியிருந்தது அந்த 'இல்லை' ஒன்றுதான்.