மலைப்பாதையில் நீ யாரைப் பார்க்கப் போனாய்?

என் மாப்ள சகாயத்துக்கு,

நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாத மச்சானின் அன்பு.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கச்சி ஜெயா உரக்கடையைத் திரும்பத் திறந்துவிட்டாள். ஷட்டரை அவளே தூக்குகிறாள். பூச்சிமருந்து கேட்டு வருகிறவர்களிடம், எந்தப் பயிர், எந்த நோய் என்று உன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறாள். உன் மகள் நிம்மி பள்ளிக்கூடம் போய் வருகிறாள். பந்து விளையாட்டு என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இன்னொரு செய்தி. இந்திய அணி இப்போது என் கையில் இருக்கிறது. இதைக் கேட்டு நீ சிரிப்பாயா, இல்லை “இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தியா மச்சான்” என்பாயா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அங்கே உன் பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாம் கைபேசியில் ஆடியது மட்டை பிடிக்கிற கிரிக்கெட் இல்லை. அணியை நடத்துகிற விளையாட்டு. அதில் இருக்கிற ஆட்டக்காரர்கள் எல்லாரும் கணினி பெற்றுப் போட்ட பிள்ளைகள். அவர்களை வளர்ப்பதும், பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பதும், ஆடுகளம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் நம் வேலை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிறிய அணி உண்டு. நாட்டு அணிக்கு மட்டும் தேர்தல். இந்தியா முழுக்க இதை ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு மேலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிற நீ அந்தத் தேர்தலில் ஜெயித்தாய். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. “இந்தியா டீமுக்கு நான்தான் மேனேஜர்” என்றாய். யூரியா வாங்க வந்த பெரியவர் ஒருவர், “அப்போ கடைய இனிமே யாரு பாத்துப்பாங்க?” என்று கவலையோடு கேட்டார். துணை மேலாளராக என்னை வைத்துக்கொண்டாய். மலைமேல் கரியாலூர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிற எனக்கு அது ஒரு பதவி உயர்வு மாதிரி இருந்தது.

அப்புறம் தோற்கத் தொடங்கினோம். சாதாரணத் தோல்வியாக இருந்தால் நீ தாங்கியிருப்பாய். நாம் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை இறக்கிய நாளில், எதிரணியில் சுழலுக்குத் திணறுகிற ஒருவன்கூட இல்லை. யாருக்கும் காட்டாமல் மாதக்கணக்கில் வளர்த்த இடதுகை வேகப்பந்துக்காரனை இறக்கினோம். அவனைச் சமாளிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த மாதிரி மட்டைக்காரர்களை அவர்கள் வரிசையாக அனுப்பினார்கள். ஆட்டம் தொடங்கும்வரை அணி விவரம் வெளியே தெரியாது என்பது விளையாட்டின் விதி. நம் அணி யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

நீ கணக்குப் போட்டாய். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே போட்டிருப்பேன். ஆனால் நிம்மி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தியில் இலை போட்ட பிறகு, உன் அம்மாவும் என் அம்மாவும் கேட்க, நீ அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். நம்ம டீம அவங்களுக்கு நீ சொல்லிக்கினு இருக்கியா?”

நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன். பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில்கூட மலையைவிட்டு இறங்கவில்லை. ஜெயாவும் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துபோனாள். கரியாலூரில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் நான் உன்னையே சந்தேகப்பட்டேன். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒருவன், பழியைப் போட ஓர் ஆள் தேடுகிறானோ என்று நினைத்தேன். துணை மேலாளர் பதவியிலிருந்து என்னை நீ நீக்கவும் இல்லை. ஏன் வைத்திருக்கிறான், கண்காணிக்கவா என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. காலையில் தூறல். ஆசிரியர் குடியிருப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கீழே வளைவில் யாரோ வண்டியோடு விழுந்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்டு ஓடினேன். நீல நிற மழைச்சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிய பிறகுதான் நீ என்று தெரிந்தது. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தேன். கோமுகி அணையைத் தாண்டும்போது உன் கை கனத்துவிட்டது. அப்போதும் உன்னிடம் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கேட்டதா மாப்ள?

அடக்கம் முடிந்த பிறகு ஆரம்பித்தது பேச்சு. பூசைக்கு வராமல் மலைக்கு எதற்குப் போனான்? மலையில் என்னைவிட்டால் உனக்குச் சொந்தமில்லை, என் குடியிருப்புக்கு நீ ஒருநாளும் வந்ததில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. ஜெயாவிடம், “கடைக்கு ஒரு ஆளப் பாக்கப் போறேன்” என்று சொல்லியிருக்கிறாய். யார் அந்த ஆள்? உன் கைபேசியோ பாறையில் மோதி நொறுங்கிக் கிடந்தது. விசாரிக்க வந்த காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்குள்ள ஏதோ தகராறாமே? மொதல்ல போய் நின்னதும் நீங்கதானாமே?” என்றார். நம் உறவுக்காரப் பெண்கள் அதைவிட மோசம். முப்பதாம் நாள் பூசையில் என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, “மலைல எவளாவது இருந்திருப்பா” என்று முணுமுணுத்தார்கள்.

அது ஜெயாவின் காதிலும் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீ அங்கதான வேலை பாக்கற. அவ யாரு?”

“யாரும் இல்ல ஜெயா.”

“உனக்குத் தெரியாம இருக்குமா? அவரு செத்தப்ப நீ எப்பிடி அங்க மொதல்ல போய் நின்ன? உன்னப் பாக்கத்தான் வந்தாருன்னு கத சொல்லாத. உங்களுக்குள்ளதான் பேச்சே இல்லியே.”

எனக்கே சந்தேகம்தான். நீ என்னைப் பார்க்க வந்திருப்பாய் என்று நம்ப ஆசை. ஆனால் நீ என்னை எதற்குப் பார்க்க வர வேண்டும்?

இதற்கிடையில் விளையாட்டு என் தலையில் விழுந்திருந்தது. மேலாளர் இல்லாவிட்டால் துணை மேலாளர் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. நாலைந்து வாரம் தொடவே இல்லை. பிறகு, பொட்டல்காட்டில் பதினோரு பேரை அநாதையாக விட்டமாதிரி மனசு உறுத்தவே, திறந்தேன். நீ வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள், அதே பதினோரு பேரை, அதே மாதிரி ஆடுகளத்தில், என் சொந்த அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடவிட்டேன். கைபேசியில் சிக்னல் இல்லாததால், முடிவைப் பார்க்கப் பள்ளி அலுவலகக் கணினிக்குப் போனேன். என் கடவுச்சொல்லைப் போடும் முன்பே, வெளியாட்கள் பார்க்கிற பக்கத்தில், அந்தப் பயிற்சி ஆட்டம் முழுசாகக் கிடந்தது. பதினோரு பெயர்களும், ஆடுகளமும், பந்துவீச்சு வரிசையும்.

திருடன் யாருமே இல்லை மாப்ள. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் நாமே கதவைத் திறந்து வைத்துவிட்டு, யார் உள்ளே வந்தது என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். நம்மைத் தோற்கடித்த நியூசிலாந்து அணியின் மேலாளரிடம் கேட்டேன். ஆமாம், எல்லாரும்தான் பார்த்தோம் என்றார். முதலில் அவர்களும் நம்பவில்லையாம். இவ்வளவு வெளிப்படையாக யாராவது காட்டுவார்களா, இது பொறியாகத்தான் இருக்கும் என்று பயந்தார்களாம்.

அப்போதுதான் உன் கடைசி ஆட்டத்தைப் பார்க்கத் தோன்றியது. நீ இறப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை நடந்த ஆட்டம். அதில் நாம் ஜெயித்திருந்தோம். வெள்ளிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் நீ இறக்கியது ஓர் அணி, சனிக்கிழமை இறக்கியது வேறோர் அணி. ஆடுகளத்தையும் மாற்றியிருந்தாய். சுழலுக்குத் தயாராக வந்தவர்களை வேகத்தால் கவிழ்த்திருந்தாய்.

அப்படியானால் உனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அணியைத் துணை மேலாளரான நானும் பார்க்க முடியும், ஆனால் அவர்கள் வெள்ளிக்கிழமை அணிக்குத்தான் தயாராக வந்திருந்தார்கள்; அதனால் ஜெயித்ததும் நான் குற்றவாளி இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நீ மலை ஏறினாய்.

ஜெயாவிடம் ஓடினேன். இரண்டு அணிகளையும் அவளுக்குக் காட்டி, விவரமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“இதெல்லாம் என் மனசு ஆறட்டும்னு நீயே கத கட்டறதில்லன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். பிறகு, “அந்த எடத்த நான் பாக்கணும்” என்றாள்.

அடுத்த விடுமுறையில் ஒரு வண்டியை இரவல் வாங்கி அழைத்துப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றியது. கரியாலூருக்குக் கீழே, சாலையோரம் ஓலைக் கூரை போட்ட ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். எப்போதும் பேருந்தில் போய் வருகிறவன் என்பதால் அந்தக் கடையில் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. கடைக்கார அம்மா ஜெயாவின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மேலே வளைவில் விழுந்து இறந்தவரின் மனைவி என்றேன்.

அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

“நீலக் கோட்டு போட்டவரா? இங்க ஒக்காந்து டீ குடிச்சிட்டுத்தாம்மா போனாரு. கரியாலூரு ஸ்கூலு வாத்தியாரு லூர்து வூடு எதுன்னு கேட்டாரு. வழி சொல்லி அனுப்பனேன்.”

ஜெயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னமும் சந்தேகம் இருந்தது. “அண்ணா, இவங்களுக்கு நீ முன்னாடியே வந்து சொல்லிக் குடுத்தியா?”

“இவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் கடைக்கார அம்மா.

“அப்ப இத்தினி நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலியே. நானா போய்ச் சொன்னா போலீசு கீசுன்னு வருமோன்னு பயம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஆனா ஒண்ணும்மா. கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாரு. கிளாஸக் கையில வச்சிக்கினு தனியாப் பேசிக்கினே இருந்தாரு. ‘மச்சான், நான் உன்ன...’ன்னு ஆரம்பிப்பாரு, நிறுத்திக்குவாரு. தலைய ஆட்டிக்கினு மறுபடியும் மொதல்லேர்ந்து. டீ ஆறிப் பாழாப் போச்சு, வேற போட்டுக் குடுத்தேன்.”

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் புரியவில்லை.

“அவருதான் அண்ணா,” என்றாள் அழுகைக்கு நடுவே. “என்கிட்ட சாரி கேக்கணும்னா பாத்ரூமுக்குள்ள போய்ச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தாரு. வெளிய எல்லாம் கேக்கும்.”

அந்த வளைவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டாள். போகும்போது வண்டியின் கம்பியைப் பிடித்திருந்தவள். உறவுக்காரர்கள் இனி என்ன பேசினாலும் அவளுக்குப் பதில் இருக்கிறது. இப்போது அவர்களும் பேசுவதில்லை.

ஆனால் என் புத்தி தெரியும் உனக்கு. இறங்கும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. ‘மச்சான், நான் உன்ன...’ என்பதற்குப் பிறகு நீ என்ன சொல்ல நினைத்தாய்? ‘தப்பா நெனச்சிட்டேன்’ என்றா? இல்லை, ‘இன்னும் நம்பல, ஆனா கேக்கணும்’ என்றா? அந்த இரண்டு அணிகளுக்கும் வேறு காரணம் இருக்கக்கூடாதா? ஜெயாவிடமே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “சண்ட போடறதுக்கு அவரு என்னிக்கு அண்ணா ஒத்திகை பாத்தாரு?”

சரிதான். நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

யாரையும் இனிமேல் சந்தேகப்பட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது மாப்ள. என்னால் அது ஆகாது. ஆனால் ஒன்று செய்வேன். சந்தேகம் வந்தால் மனசில் வைத்து வளர்க்க மாட்டேன். கோபித்துக்கொண்டு இலையை மடிக்க மாட்டேன். அன்றைக்கே போய், எதிரே உட்கார்ந்து கேட்பேன். யாராவது என்னைக் கேட்டாலும், எழுந்து போகாமல் பதில் சொல்வேன்.

உனக்கான பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்ல மாப்ள. நான் யாருக்கும் சொல்லல.

நிம்மிக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
லூர்து
கரியாலூர்