ரோமருக்கு முழுகினது

மனோர் பார்க், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? போனில கதைச்சால் உங்களுக்குக் கேக்காது, அதுதான் எழுதுறன்.

சனிக்கிழமை வேலையிடத்தில எங்களை ரோமர் காலத்து இடங்களைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கொண்டு போச்சினம். அவை கட்டின பழைய நகர மதிலுக்கு வெளியில ஒரு சுடலை. கண்ணாடிக்குக் கீழ ஒரு மனிசன்ர எலும்பு. செத்து ஆயிரத்து எண்ணூறு வருசமாம். விளக்கம் சொன்ன பெட்டை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா.

அது முடிய, அப்பாவின்ர திவசத்துக்கு மோட்ச அர்ச்சனை செய்ய நேரா முருகன் கோயிலுக்குப் போனன். வாசலில கால் நிண்டிட்டுது. சுடலைக்குப் போனால் முழுகாமல் கோயிலுக்குள்ள போகக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? இவ்வளவு பழசுக்கும் துடக்கு, தீட்டு எண்டு இருக்கோ? கூட வேலை செய்யிற பிரசாந்தினி அக்காவுக்கு போன் எடுத்துக் கேட்டன். "உனக்கென்ன விசரே?" எண்டா. எனக்கு மனம் கேக்கேல்லை. அறைக்குப் போய் முழுகிப்போட்டு வர, கோயில் பூட்டியாச்சு.

செய்தது சரியோ பிழையோ எழுதுங்கோ. அப்பாவின்ர நட்சத்திரத்தையும் எழுதுங்கோ, ஐயர் கேட்டால் முழிப்பன். மிளகாய்த்தூளும் முடிஞ்சுது.

அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோன அண்டைக்கு வந்து முழுக எனக்கு விசா இல்லை. ஆரோ ஒரு ரோமருக்கு முழுகியிருக்கிறன், அம்மா.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

மகன்,
நிருஜன்