மலை ஏறாத செப்டம்பர்

ஜூலை 6, 2025, ஞாயிறு

நான் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடப் போகிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது தவறு. வீட்டை விற்கிறேன் என்பதும் தவறு. தனியாக இருக்கப் பயம் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. நான் இலை பார்க்கப் போகிறேன். கொலராடோவில் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். பார்த்துவிட்டு இதே சதுரங்கப்பட்டினத்துக்குத் திரும்பி வருவேன்.

பாத்திரம் தேய்க்க வந்த சரோஜா இன்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, வூட்ட பூட்டிக்கினு அமெரிக்காவுக்கே போயிடப் போறியாமே?"

"இலை பார்க்கப் போறேன்."

"எலையா?" வாசல் வேப்ப மரத்தை ஒரு தரம் பார்த்தாள். "தெனம் நான்தான் பெருக்கிக்கினு கீறேன். அதப் பாக்கறதுதான?"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 8

ஒரு தரம் தெளிவாக எழுதிவைக்கிறேன். 2016இல் நாங்கள் தப்பான பருவத்தில் போனோம்.

கல்பாக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் டிக்கெட் எடுப்பார்கள். கத்திரி வெயிலுக்கு முன்னால் கிளம்புவது, இங்கே ஐப்பசி மழை வருவதற்குள் திரும்புவது. நம் ஊர் வெயிலைப் பார்த்துத் தேதி குறிக்கிறோமே தவிர, போகிற ஊர் எப்போது அழகாக இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அணு ஆராய்ச்சியில் முப்பது வருடம் கணக்குப் போட்ட என் கணவரும் கேட்கவில்லை. நானும்தான்.

மே மாதம் முழுக்க டென்வரில் மகன் ஹரிஹரன் வீட்டு ஜன்னலிலிருந்து தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே போகும் பாதைகள் பனியில் மூடிக் கிடந்தன. பாதை திறந்தபோது ஹரிக்கு வேலை. செப்டம்பர் தொடக்கத்தில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வாடகைக் கார் ஓட்டியவர் சொன்னார், இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் அந்த மலை முழுக்கப் பொன்னாகியிருக்கும் என்று. என் கணவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "அடுத்த தடவை, விசாலம்" என்றார்.

இந்த மாசியில் போய்விட்டார். விசா மட்டும் இன்னும் இருக்கிறது. நவம்பர் வரை.

ஜூலை 13, ஞாயிறு

ஹரி பேசினான். அவனும் மருமகள் ஜெஸ்ஸியும் அக்டோபர் கடைசியில் வரச் சொல்கிறார்கள்.

"எனக்கும் லீவு, ஜெஸ்ஸிக்கும் லீவு. நீ நேரா ஃப்ளோரிடா வந்துடு, நாங்களும் அங்க வந்துடறோம். குளிரே இருக்காது. நல்ல பீச்."

"பீச்சா? உங்க அம்மா எங்க இருக்கான்னு ஞாபகம் இருக்கா?"

பிறகு விஷயம் வெளியே வந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து அவன் அத்தை போன் செய்திருக்கிறார். என் கணவரின் அக்கா, ஞானாம்பாள் அண்ணி. இறந்தவருக்கு வருடம் திரும்பும் வரை வீட்டார் மலை ஏறக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் டென்வர் நகரமே மலை நாடு, ஏற்காட்டை விட உயரம். இதை 2016இல் திரும்பி வந்ததும் அண்ணியிடம் பெருமையாகச் சொன்னவள் நானேதான். மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்!

"நீ இதையெல்லாம் நம்பறியா, ஹரி?"

"நம்பலம்மா. சண்டை வேண்டாம்னு பாக்கறேன். அடுத்த வருஷம் விசாவ புதுப்பிச்சுக்கலாம்."

சுலபமாகச் சொல்லிவிட்டான். தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன் உட்கார்ந்துகொண்டு, எழுபத்தொரு வயதில் தனியாக வந்து நிற்கிற என்னைப் பார்த்து, "நீங்கள் எதற்காக இந்தியாவுக்குத் திரும்பி வருவீர்கள்?" என்று கேட்பான். பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை ஒருவன் என்னிடம் கேட்பதா?

ஜூலை 14

ஃப்ளோரிடாவாம். வங்காள விரிகுடாவை விட்டு எழுந்து போய் இன்னொரு கடற்கரையில் உட்காருவதற்கு ஒரு பயணம்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல காற்று. மாலையில் டச்சுக் கோட்டை வரை நடந்தேன். உள்ளே புல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினால் அமெரிக்காவின் மாதங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

மார்ச்சில் பாலைவனம். முந்தின குளிர்காலத்தில் மழை போதுமான அளவு பெய்திருந்தால் மட்டும் அரிசோனா மணலில் பூ விரியும், சில வாரங்களுக்கு. பெய்யாவிட்டால் இல்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. மே மாதம் யோசமிட்டி பள்ளத்தாக்கு. நம் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் நிற்கும்போது, அங்கே உருகிய பனியெல்லாம் பாறை உச்சியிலிருந்து ஒரே வெள்ளைப் புடவையாக இறங்கும். ஆகஸ்டுக்குப் பிறகு போனால் அந்த அருவிகள் சில வெறும் ஈரக் கோடுதான். ஜூலையில் மொன்டானா. பனியை வெட்டி வழி எடுத்த பிறகுதான் மலைச் சாலை திறக்கிறது. புல்வெளிப் பூக்கள் எல்லாம் அவசர அவசரமாகப் பூக்குமாம், மறுபடி பனி வருவதற்குள். ஜனவரியில் யெல்லோஸ்டோன். ஒரு பக்கம் பூமி ஆவி விடுகிறது, பக்கத்தில் காட்டெருமை முகத்தில் உறைபனியோடு நிற்கிறது.

செங்கல்பட்டு கான்வென்டில் நான்கு பருவங்களையும் மனப்பாடம் செய்தோம். எங்களுக்கு இருந்தது வெயிலும் மழையும் மட்டும். மேப்பிள் இலை வரைந்து சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டச் சொன்னார் சிஸ்டர். நான் தீட்டியதைப் பார்த்து, "இந்த மாதிரி சிவப்பு இல்லை" என்றார். அவரும் பார்த்ததில்லை. ஆலப்புழைக்காரர்.

எந்த மாதத்தைத் தொட்டாலும் கடைசியில் செப்டம்பருக்குத்தான் வந்து நின்றேன். ஆஸ்பென் இலை நம் அரச இலை மாதிரி. காற்று இல்லை என்று நாம் நினைக்கும்போதும் நடுங்கும். ஒரு மலைச் சரிவு முழுக்க மஞ்சள் அரச மரங்கள், ஒன்றாக நடுங்கினால்?

கண்ணைத் திறந்தபோது ஒரு ஆடு என் முந்தானையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் ஒரு அருமையான யோசனை. மலை ஏறத்தானே கூடாது? இறங்கினால்? கிராண்ட் கேன்யன் என்பது தலைகீழான மலை. மேலே நின்று கீழே பார்ப்பதற்குப் பெயர் ஏறுவதா? அண்ணியே வாயடைத்துப் போவார். காலை முழுக்கச் சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டிருந்தேன் என்று சரோஜா சொன்னாள்.

மதியம் உயரம் பார்த்தேன். விளிம்பே ஏறக்குறைய ஊட்டி உயரம். அங்கே போய் நிற்பதற்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

அண்ணிக்கு இது தெரியப் போவதில்லை. எனக்குத் தெரியுமே. சே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹரி இறங்கி வந்துவிட்டான். "சரிம்மா, செப்டம்பர் இருபதுக்கு டிக்கெட் போட்டுடறேன். ஆனா அத்தைகிட்ட ஃப்ளோரிடான்னு சொல்லிடு."

"இந்த வயசுல யாருக்குப் பயந்து பொய் சொல்லணும்? நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன். அப்புறம் டிக்கெட் போடு."

"சண்டையிலதான் முடியும்மா."

"முடியட்டும்."

ஆகஸ்ட் 30

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. சவுக்குத் தோப்பு முழுக்க மஞ்சள். வலை இழுக்கிறார்கள். மீன் இல்லை, வலை நிறைய இலை. ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இவர் மணலில் உட்கார்ந்து இலைகளைப் பெரிது, சிறிது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

திருக்கழுக்குன்றம் போய் வந்தேன். பேருந்தில் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். எல்லாம் நல்ல வாக்கியங்கள்.

அண்ணி வீடு சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் நின்றால் மலையும் உச்சிக் கோயிலும் நேராகத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. சொல்லிவிட்டேன். டென்வருக்குத்தான் போகிறேன், மலை மேல்தான், மஞ்சள் இலை பார்க்க, இந்த மாதமே.

அண்ணி கையை நிறுத்தவில்லை. "போயேன். நான் இன்னா கால்ல விலங்கா போட்டு வெச்சிருக்கேன்?"

"ஹரிகிட்ட கூடாதுன்னு சொன்னீங்களே, அண்ணி."

"தெரிஞ்சத சொன்னேன். கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம். நீ எப்ப எங்க பேச்ச கேட்டிருக்கே? கல்யாணத்தன்னிக்கே பந்தியில ஸ்பூன் கேட்டவதானே."

நான் கேட்டது நிஜம்தான். பாயசத்துக்கு.

அப்போது பூக்கடை சீனு வாசலில் வந்து நின்றான். "இன்னா பெரியம்மா, நாளைக்கி பிரதோஷம். இந்த வாட்டியாவது மேல வரியா? உனக்கு தடை ஒண்ணும் இல்லன்னு குருக்களே சொல்லிட்டாரு."

"மாசி ஆகட்டும்டா. போ, போய் கடைய பாரு."

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரதோஷம் தவறாமல் மலை ஏறுகிறவர் அண்ணி. அவர் கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போனவர். தம்பி சாவுக்காக ஒரு வருடம் மலையை விட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. எனக்கும் ஹரிக்கும்தான் உண்டு.

"அண்ணி, உங்களுக்குத்தான் கிடையாதே. நீங்க ஏன் ஏறல?"

"யாரு கிடையாதுன்னது?" தண்டை ஒடித்து முறத்தில் போட்டார். "சின்ன வயசுல அவன கூட்டிக்கினு ஏறுவேன். பாதி மலையில உக்காந்துப்பான். மூச்சு வாங்கும். 'நில்லுக்கா, நில்லுக்கா'ம்பான். நான் நிக்காம ஏறினா அழுவான். பெரிய ஆபீசரா ஆகியும் அதேதான், பாதியில உக்காந்துப்பான்."

அண்ணி அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

"இப்பவும் பின்னாடிதான் வந்துகினு இருக்கான்னு வெச்சுக்கோயேன். ஒரு வருஷம் நிக்கிறேன். அவன் வந்து சேந்துடுவான். அப்புறம் ஏறிட்டுப் போறேன். இதுல இன்னா கஷ்டம்?"

முறத்தைத் தட்டினார். "ஆமா, அந்த மஞ்ச எலை ஒரு வாட்டி கொட்டினா அவ்ளோதானா? அடுத்த வருஷம் வராதா?"

"வரும்."

"ம்." கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "உக்காரு. சாப்ட்டு போ."

சாப்பிட்டேன். தயார் செய்து கொண்டுபோன வாக்கியங்களில் மீதி ஒன்றையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5

டிக்கெட் வேண்டாம் என்று ஹரியிடம் சொன்னேன். "அத்தை என்ன சொன்னாங்க?" என்றான். "போகச் சொன்னாங்க" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெஸ்ஸி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். "அத்தை, உங்களுக்காக மேல வரைக்கும் போய் எடுத்தோம்."

ஒரு சரிவு. வெள்ளை மரங்கள், நெருக்கமாக. இலைகள் நான் நினைத்திருந்த மஞ்சள் இல்லை. எலுமிச்சையும் இல்லை, சாமந்தியும் இல்லை. விளக்கைச் சுற்றி இருக்கிற நிறம். இலைகளின் சத்தம் மட்டும். தூரத்தில் மழை வருகிற மாதிரி.

அழவில்லை. மூன்று தரம் பார்த்தேன். போகாதது சரிதானா? தெரியவில்லை. கொஞ்சம் வலித்தது. அதை மறைத்து எழுதுவதற்கா டைரி?

வெளியே நல்ல வெயில்.

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணி போன். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அந்த எலை எப்ப திரும்ப மஞ்சளாகும்னே?"

"அடுத்த செப்டம்பர் கடைசி, அண்ணி."

"அப்ப பாஸ்போர்ட்டுக்கு இப்பவே எழுதிப் போடணும், இல்ல?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீ ஒண்டியா போய் அந்த மலையில கால் தடுக்கி வுழுந்தா எவ தூக்குவா?"

அவருக்கு எழுபத்தெட்டு வயது. என்னைத் தூக்குவாராம்!

"அங்க குளிருமே, அண்ணி."

"ஸ்வெட்டர் கீது."

அக்டோபர் 22

மழை விடவில்லை. இந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். எந்த மாதம், எந்த ஊர் என்று அவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நவம்பர் 12

விசா இன்றோடு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கடல் வழக்கம் போல் இருந்தது. சரோஜா விடுப்பு.

நவம்பர் 16, ஞாயிறு

ஹரிக்கு அனுப்பிய மின்னஞ்சலை இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்புள்ள ஹரி,

மாசியில் அப்பாவுக்கு வருடம் திரும்புகிறது. நீ வந்து செய்ய வேண்டியதை முதலில் செய். அது முடிந்ததும் அத்தையும் நானும் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி மலை ஏறுவோம். அவர் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன்.

அத்தையின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. பிறகு இரண்டு பேரும் விசா நேர்காணலுக்குப் போக வேண்டும். கிடைக்காமலும் போகலாம் என்று தெரியும். எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்று கேட்டால் அத்தையே பதில் சொல்லிவிடுவதாகச் சொல்கிறார். நான் தடுக்கவில்லை.

கிடைத்தால், அடுத்த செப்டம்பரின் கடைசி வாரத்தில் இலை பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து, உயரம் பழகும் வரை உன் வீட்டில் இருப்போம். கெனோஷா கணவாயின் மேல் வரை கார் போகிறது என்று படித்தேன். அங்கே உயரம் கொடைக்கானலை விட மிக அதிகம். எங்கள் இருவருக்கும் அது ஆகுமா என்று இங்கே மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆகாது என்றால் இன்னும் தாழ்வான ஒரு சரிவை நீ பார்த்துவை. காரிலிருந்து இறங்கியதும் உட்கார இடம் இருக்க வேண்டும். அத்தை பாதியில் எழுந்து வர மாட்டார்.

அந்த வாரம் உனக்கும் ஜெஸ்ஸிக்கும் விடுப்பு கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்காது என்றால் அதையும் நேராகச் சொல். வேறு ஏற்பாடு செய்துகொள்வோம். குரல் பதிவு அனுப்பாதே. அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிலை எழுதி அனுப்பு.

அம்மா