பஞ்சு மில்லில் அமாவாசைக் கச்சேரி

ஆடி 17, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட சேலை இரண்டும் புழுதி ஏறி மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. மேகம் வருகிறது, நிற்காமல் போகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான். வீட்டுக்காரர் (வீ.கா.). கொழுந்தன் பாண்டி. அவனோடு பெங்களூரிலிருந்து வந்த மூன்று பேர்: டிரம்ஸ் அடிக்கும் பிரதீப் சார் (இடுப்பில் பெல்ட், குனிந்தால் நிமிர நேரமாகிறது), கிதார்காரர் இருவர், ஒருவர் மொட்டை, ஒருவர் நரைத்த சடை. பெயர் கேட்டேன், வாயில் நுழையவில்லை. ஆக ஆறு இலை. வேறு யாரும் இல்லை.

சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். ஆடி வெள்ளி, கவுச்சி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மொட்டைக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார். பாண்டி பாயசம் மட்டும், அதுவும் நிறுத்தி நிறுத்தி. சோற்றைப் பிசைந்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டான். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

ஞாயிறு சாயங்காலம் இவர்கள் கச்சேரி. ரெட்டியபட்டி ரோட்டில் மூடிக் கிடக்கும் பஞ்சு மில்லில். பிளாக் மெட்டல் என்று பெயர். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்துவது. கத்துகிறவன் பாண்டி. இவர்கள் குழு ஆரம்பித்து இருபத்தைந்து வருசம் ஆகிறதாம், சொந்த ஊரில் ஒரு தடவை நடத்திப் படம் பிடிக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. வெளியூர்ப் பிள்ளைகள் இருநூறு பேர் வருவார்களாம். போலீஸில் ஒன்பது மணி வரை அனுமதி.

எனக்கு ஒப்பாதது ஒன்றுதான். ஞாயிறு ஆடி அமாவாசை. நிலா இல்லாத நாள் வேண்டும் என்று இவர்களே தேடி வைத்தது. மற்ற அமாவாசை என்றால் பரவாயில்லை. இது செத்தவர்கள் சோற்றுக்கு வந்து நிற்கிற நாள். அன்றைக்கா இருட்டில் நின்று கூப்பிடுவது? சொன்னேன். சிரித்தான்.

"மதினி, நாங்க இருபத்தஞ்சு வருசமாக் கூப்புடுறோம். ஒருத்தரும் வந்ததில்ல."

குரல் பாதிதான் வந்தது. மீதி வெறும் காற்று.

கை கழுவும்போது பிரதீப் சார் பாதித் தமிழில் விசயத்தைச் சொன்னார். பாண்டி தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாசம். இவன் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை கொச்சியில் வேறு கச்சேரி. "நீங்க சொன்னா கேப்பான்" என்றார். என்னைப் போல ஒருத்தி சொல்லியா? நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. அப்போதே யார் சொல்லியும் கேட்டதில்லை.

தாயே, நீதான்.

ஆடி 18, சனி

காற்று இன்னும் கூடுதல். மில்லுக்கு டீ, வடை கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் கூட. மில்லு ஓடின காலத்தில் அங்கே வேலை பார்த்தவள், கூட்டிப் பெருக்க வந்தாள்.

உள்ளே இருட்டு. மேலே தகரம். சட்டங்களில் பழைய பஞ்சு, ஒட்டடையோடு சேர்ந்து தொங்குகிறது. கீழே எவ்வளவு பெருக்கினாலும் மேலே இருப்பது இருக்கிறது. மூச்சு இழுத்தால் மூக்கில் ஒட்டுகிறது. அவன் பாடப்போவது இதில்.

பி. சார் ஒரு அடி அடித்துப் பார்த்தார். கூரை முழுக்கத் திருப்பிச் சொன்னது. புறாக்கள் பறந்துபோயின. அப்புறம் இரண்டு காலாலும் மிதித்து அடித்தார், நிற்காமல்.

"யக்கா, இந்த மனுசன் தையல் மிஷினு வாங்கிப் போட்டா நாளைக்கு நாப்பது ஜாக்கெட்டு தைப்பாரு" என்றாள் பேச்சியம்மாள். சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

பின்பக்கம் லோடு ஏற்றும் மேடையில் பாண்டி தனியாக உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு எப்போது என்று நேராகக் கேட்டேன். கொச்சி முடியட்டும் என்றான். அதுவரை தொண்டை தாங்குமா என்றேன்.

"வெட்டுனா எப்படியும் கொரலு போயிரும் மதினி. போறது மேடையில போகட்டுமே."

வடையை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

ராத்திரி அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து என் வழியாகப் பேசினார்கள். "அவன மோராவது குடிக்கச் சொல்லு." "குடிச்சிட்டேன்னு சொல்லுங்க மதினி." படுக்கப் போகும்போது வீ.கா., கத்துகிறவனுக்கு மைக்கு எதற்கு என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பாண்டி முதுகு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

ஆடி 19, ஞாயிறு. அமாவாசை

காற்று நின்றுவிட்டது. இலை அசையவில்லை. புழுக்கம்.

வீ.கா. திருச்சுழி போய்க் குளித்துத் தர்ப்பணம் கொடுத்து வந்தார். பாண்டியையும் கூப்பிட்டேன், வரவில்லை. மாமனார் மாமியாருக்குப் படையல்: வாழைக்காய்ப் பொரியல், பூசணி, அகத்திக்கீரை, வடை, பாயசம், மாமனாருக்குப் பிடித்த பச்சைமொச்சை. காகம் வர நேரமாயிற்று. வந்தது வடையை மட்டும் எடுத்தது. சோற்றைத் தொடவில்லை.

வீ.கா. சாப்பிட்டார். நான் பச்சைத்தண்ணீர் மட்டும். கச்சேரி நல்லபடியாக முடிந்து அவன் கீழே இறங்கின பிறகுதான் சோறு என்று அம்மனுக்கு வேண்டியிருக்கிறேன்.

பாண்டி என் கண்மை டப்பாவைக் கேட்டான். கொடுத்தேன். அந்த முகத்தோடு என் வாசலைத் தாண்டக் கூடாது, அங்கே போய்ப் பூசிக்கொள் என்றேன். சரி என்றான், எப்போதும் இல்லாத பணிவு.

வண்டி வந்துவிட்டது. விபூதி முந்தானையில் முடிந்தாயிற்று. மிச்சம் வந்து.

ஆடி 20, திங்கள்

எழுத்துக் கோணல். ஞாபகம் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாரும் கறுப்புச் சட்டை. நல்ல பிள்ளைகள், ஒருவன் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். நானும் பேச்சியம்மாளும் ஓரத்தில், பழைய தராசுப் பக்கம். வீ.கா. வெளியே ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டார். விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு மட்டும்.

சத்தம் முதலில் விலாவில் பட்டது. காதுக்கு அப்புறம்தான் வந்தது. நாற்காலி தானாக நகர்ந்தது.

இரண்டாம் பாட்டில் தகரம் அதிர ஆரம்பித்தது. சட்டத்துப் பஞ்சு பிய்ந்து பிய்ந்து இறங்கிற்று. சிவப்பு வெளிச்சத்தில், அவசரமே இல்லாமல். கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் தலையெல்லாம் நரை. இருபது வயசுக்காரர்கள் கிழவர்களாக நின்று தலையை ஆட்டினார்கள். அமாவாசைக்கு வந்து நிற்கிறவர்கள் இவர்கள்தானோ என்று பட்டது. பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை.

பாண்டி. வெள்ளை முகம், என் மையில் கண் இரண்டும் குழி. மாமனாரைக் கிடத்தி வாய்க்கட்டுக் கட்டின அன்று இருந்த முகம் அது. அதே தாடை. அவன் வேண்டுமென்று அப்படிப் பூசவில்லை, அந்தப் பூச்சே அதை எடுத்துக் காட்டிவிட்டது. வாயைத் திறந்தான். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. கிணற்றின் அடியிலிருந்து இழுக்கிற மாதிரி. பயந்தேன், ஆனால் பொய்யில்லை அது. கோயிலில் எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன், இத்தனை முழுசாகத் தன்னைக் கொடுத்து யாரும் பாடிக் கேட்டதில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பஞ்சும் உள்ளே போயிற்று. திரும்பி நின்று துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி.

அப்புறம் அடி மெதுவானது. ஒன்று. நிறுத்தம். ஒன்று. பேச்சியம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தது தெரியும். அதோடு சரி.

கண் விழித்தபோது வீட்டில் பாய். தலை முழுக்க ஈரம். வாயில் விபூதி நறநறப்பு. உள்ளங்கை இரண்டிலும் வெள்ளையும் கறுப்பும்.

இடையில் நடந்தது பேச்சியம்மாள் சொன்னது. நான் எழுந்து ஆடினேனாம். கூந்தல் அவிழ்ந்துவிட்டதாம். இத்தனை வருசத்தில் எனக்கு அருள் வந்ததே இல்லை.

"நீங்க படியில ஏறலக்கா. ஒரே எட்டுல மேடையில நின்னீக. பாண்டி கழுத்த ரெண்டு கையாலயும் பிடிச்சீக. காதுல வாய வச்சுச் சொல்றீக, சொல்றீக, முடியவே இல்ல. பாண்டிக்குக் கண்ணு பெருசாயிட்டே போச்சு. மைக்குல வெளிய கேட்டது ரெண்டே சொல்லு: எனக்குக் குடு."

பாண்டி தலையை ஆட்டினானாம், சரி என்கிற மாதிரி. நான் விழுந்தேனாம். பிள்ளைகள் இதுவும் கச்சேரியில் சேர்ந்தது என்று கைதட்டினார்களாம். விழுந்து கிடந்தவளோடு போட்டோ எடுக்க ஒருவன் வந்ததை வீ.கா. விரட்டினாராம்.

முக்கியமானது ஒன்று நடக்கவில்லை. அருள் வந்தால் எதிரே நின்று யார் வந்திருப்பது, பேரைச் சொல் என்று கேட்க வேண்டும். சாமி என்றால் பேர் சொல்லும். மற்றது சொல்லாது. கேட்கத் தெரிந்தவர் வீ.கா. ஒருவர்தான், அவர் வெளியே ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. அதுவாகவும் சொல்லவில்லை.

விடியுமுன்னே பாண்டி வேனில் போய்விட்டான். போகும்போது பாயில் கிடந்த என் காலைத் தொட்டுக் கும்பிட்டானாம்.

பட்டினி மயக்கமாக இருக்கலாம். புழுக்கம், சத்தம். அப்படியும் எழுதி வைக்கிறேன். ஆனால் மயக்கம் வந்தவள் மேடையில் ஏறுவாளா?

ஆடி 21, செவ்வாய்

மறுபடி காற்று. அவர்கள் விட்டுப்போன துணி மூட்டை. துவைத்தேன். சட்டையில் இருந்தது மேடைக்குப் பூசுகிற ரத்தம், சீனிப்பாகும் சாயமும். எறும்பு மொய்த்துச் சிவப்பாகவே இருந்தது. பாண்டி வாய் துடைத்த துண்டில் இருந்தது வேறு. பழுப்பேறி விறைத்துப் போயிருந்தது. பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தேன். ஊறவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீ.கா.விடம் கேட்டேன், நான் என்னதான் சொன்னேன் என்று. அவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

"வாக்கு வாங்குனவன்தான் சொல்லணும். ஆடுனவுக கேக்கக் கூடாது. எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

ஆடுனவுக என்கிறார் என்னை. நேற்றிலிருந்து நீ என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. காபியை இரண்டு கையாலும் வாங்குகிறார். முப்பது வருசம் வாழ்ந்த மனுசன். சங்கடமாக இருக்கிறது.

மத்தியானம் பரளச்சியிலிருந்து ஒரு அம்மா. எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்று, மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது தாயே என்றேன். நம்பவில்லை. பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொடவில்லை.

சாயங்காலம் பி. சார் போன். பாண்டி யாரோடும் வாய் திறப்பதில்லையாம். எல்லாம் போனில் எழுதிக் காட்டுவது. கொச்சிக்கு உண்டா இல்லையா என்று கேட்டதற்கு எழுதினானாம்: மதினிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதன்படிதான். என்ன வாக்கு என்றால் பதில் இல்லை. டிக்கெட்டையும் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்கிறார் அந்த மனுசன். எனக்கே தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டார்.

வந்தது அம்மன் என்றால் பாட்டை நிறுத்து, தொண்டையை என் பொறுப்பில் கொடு என்றுதான் கேட்டிருப்பாள். அன்றைக்குச் சோற்றுக்கு வந்து நின்ற வேறு ஏதோ என்றால்? எனக்குக் குடு என்று எதைக் கேட்டிருக்கும்? அவன் சரி என்று தலையாட்டியிருக்கிறான். என் வாயிலிருந்து வந்ததற்காக.

ஆடி 22, புதன்

சமையல் ரசம் மட்டும். பாண்டிக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை.

பேச்சியம்மாள் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வரவில்லை. முன்பெல்லாம் நேரே அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பவள்.

ஆடி 23, வியாழன்

மேகம். தூறல்கூட இல்லை.

காலையில் காளியம்மன் கோயில். பூ கேட்டேன். வலப்பக்கம் விழுந்தால் வந்தவள் நீ, இடப்பக்கம் விழுந்தால் வேறு என்று மனசில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பூவும் விழவில்லை. நடை சாத்தும் வரை நின்றேன். பூசாரி விவரம் கேட்டுவிட்டு விபூதியை எட்டி நின்று கொடுத்தார்.

"பேரச் சொல்லாமப் போனத நம்மளாக் கூப்புட்டுக் கேக்கக் கூடாதும்மா. கேட்டா வந்துரும்."

அப்படியானால் சாமியிடம் கேட்க வழியில்லை. கேட்கக் கூடாது என்று வீ.கா. சொன்னது வேறு. அவர் சொல்லை மீறினதில்லை நான். இன்றைக்கு மீறினேன். போனில் தமிழ் எழுத நானாகப் பழகினதுதான், எழுத்துப் பிழை இருக்கும். அனுப்பினதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

பாண்டி, மதினி எழுதுகிறேன். அன்றைக்கு உன் கழுத்தைப் பிடித்தது என் கை. பேசினது நான் இல்லை. வந்தது பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாததற்குக் கொடுத்த வாக்கு உன்னைக் கட்டாது, அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். அது மேடை ஏறச் சொல்லியிருந்தால் ஏறாதே. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே போ. குரல் போனாலும் நீ இருந்தால் போதும், எழுதிக் காட்டு, நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன். நான் உன்னிடம் என்ன கேட்டேன், நீ என்ன கொடுக்கச் சம்மதித்தாய்? நாளை மறுநாள் சனிக்கிழமை. சீக்கிரம் பதில் போடு.